ஜெயசீலனுக்குக் கிடைத்த விடுப்பு

கடன் வாங்கியவர்கள் கையில் நடையை எண்ணும் பட்டை கட்டிக்கொண்டு தினமும் காலையில் நடந்தால்தான் வட்டி குறையும் என்று ஆகிவிட்ட காலம் அது. பரமகுரு காய்ச்சலோடு ஒரு நாள் விடுப்புக் கேட்டான். "நடந்தா வேர்த்துடும், காய்ச்சல் தானா விட்டுடும்" என்று கண்காணிப்பாளர் ஜெயசீலன் மறுத்துவிட்டான். பரமகுரு வாய்க்கால் கரையில் நடக்கும்போதே விழுந்து செத்துப்போனான்.

மிச்சக் கடனை அவன் மனைவி அங்கயற்கண்ணி நடந்தே தீர்த்தாள். ஒழுங்காகத் தீர்த்தவர்களைக் கடன் கொடுத்த கம்பெனியே கண்காணிப்பாளராக்கும், அவளையும் ஆக்கியது. வேலை போய், சூதாடிக் கடன்பட்ட ஜெயசீலன் அவள் பொறுப்பிலேயே வந்து சேர்ந்தான்.

"பழசை மனசுல வெச்சுக்காதீங்க மேடம். முட்டி வலி தாங்கலை. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"ஒரு நாள் எந்த மூலைக்கு? வாரம் பூரா படுத்து எந்திரிங்க சார்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரமும் கேட்டான், கொடுத்தாள். மழைக்குக் கொடுத்தாள். தீபாவளிக்குக் கேட்காமலே கொடுத்து, அதிரசமும் அனுப்பிவைத்தாள்.

விடுப்பு எடுக்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறும். ஜெயசீலனுக்கு அது தெரியாது. அத்தனை வருஷ வேலையில் அவன் யாருக்கும் ஒரு நாள்கூட விடுப்புக் கொடுத்ததில்லை.

பொங்கல் கழித்து, தொந்தியும் தொப்பையுமாக வந்து கும்பிட்டான். "நீங்க தெய்வம் மேடம். வீட்டுல உங்க பேரைச் சொல்லித்தான் விளக்கே ஏத்துறோம்."

அங்கயற்கண்ணி முகம் மலர்ந்து விசாரித்தாள்.

"சொந்த வீடுதானே சார்?"