முதல் நிபந்தனை

திரையில் பூஜ்யம் வரிசைகள் என்று வந்தது.

பிழை எதுவுமில்லை. கணினி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. கொடையாளர்களின் நீண்ட அட்டவணையில், அவள் எழுதிய நிபந்தனைகள் அத்தனைக்கும் பொருந்துகிறவர் ஒருவருமில்லை, அவ்வளவுதான்.

மேல்மாடியில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். ரத்த வங்கியில் இருந்த கடைசிப் பையும் மேலே போய்விட்டது.

"என்னடி, ஆள் சிக்கினாங்களா?" குளிர்பெட்டிக் கதவை முதுகால் சாத்தியபடி கேட்டாள் கூட வேலை பார்க்கும் அக்கா. இவளுக்கு நிரல் எழுதப் பழக்கியவள்.

"ஒருத்தர்கூட இல்லக்கா."

"மாப்பிள்ளை தேடுற மாதிரி அடுக்கிக்கிட்டே போனா எவன் வருவான்? ஒவ்வொண்ணா எடுத்துப் பாரு."

ரத்த வகையை எடுக்க முடியாது. கடைசியாகக் கொடுத்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதிலும் கைவைக்க முடியாது. ஊருக்குள் இருப்பவர் என்ற வரியை அழித்தாள். இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் இருந்தது எங்கோ தொலைவில். வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும். அழித்த வரியைத் திரும்பச் சேர்த்தாள்.

மிச்சமிருந்தது எல்லாவற்றுக்கும் மேலேயிருந்த முதல் வரி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. ஆச்சரியக்குறியும் சமக்குறியும் சேர்ந்தால் 'இது அல்லாத எல்லாம்' என்று அக்கா சொல்லிக்கொடுத்தாள். யாராவது ஒருவரை விலக்கிப் பார் என்றாள். இவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அட்டவணையில் அந்தப் பெயரை அன்று காலைதான் பார்த்திருந்தாள்.

பயிற்சி முடிந்தது. வரியை மட்டும் அவள் எடுக்கவில்லை. அதன்பிறகு எந்தத் தேடலிலும் அந்தப் பெயர் கண்ணில் படவில்லை.

கை விசைப்பலகைக்குப் போய்த் திரும்பியது. மாடியில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது.

அழித்தாள்.

ஒரு வரிசை.

மனப்பாடமான எண்தான். தன் கல்யாணத்தன்று காலை அழைத்து அழைத்துப் பார்த்து, யாரும் எடுக்காமல் போன எண். ஆனாலும் தெரியாததுபோல் திரையைப் பார்த்துப் பார்த்தே அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"வணக்கம். ரத்த வங்கியிலேருந்து பேசுறோம். அவசரமா ஒரு..."

"பேசுறோமாம். பெரிய மனுஷி."

அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ அங்க சேர்ந்திருக்கேன்னு கேள்விப்பட்டுத்தான்டி நான் பேரே கொடுத்தேன்," என்றான் அண்ணன். "என்னிக்காவது நீ கூப்பிட்டுத்தானே ஆகணும்னு. சரி, மூக்கை உறிஞ்சாத. எந்த வாசல் வழியா வரணும், அதைச் சொல்லு."