திருத்த ஒன்றுமில்லை

மனைவி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னதும் ஆங்கில வாத்தியார் முகம் சுளித்தார்.

“ச்சீ, காது கூசுது! ‘டு’வுக்கு முன்னாடி ‘நாட்’ வரணும். திரும்பச் சொல்லு.”

சொன்னாள்.

“கர்மம்! ‘வித்’ எங்க போச்சு? என் பொண்டாட்டின்னு வெளிய சொல்லிக்காத!”

மூன்றாம் முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

“இப்பதான் குமட்டல. மேல சொல்லு.”

“அவ்வளவுதாங்க. தமிழ்ல எத்தனையோ தடவை சொன்னேன், நீங்க காதுலயே வாங்கல. கவலைப்படாதீங்க, இனிமே வெளிய சொல்லிக்க மாட்டேன்.”

கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள்.

அப்போதுதான் வாத்தியாருக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தம் உறைத்தது.

‘இனி உங்களோடு வாழ்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.’

அதில் ஒரு பிழையும் இல்லை.