முன்னால் நிற்க ஆளில்லாத குழு

ஓட்டல் வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் படித்ததுமே ஜெயபாலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சூப்பர் குரூப்பாம். ஃபங்க், சோல், ஜாஸாம்.

ஈப்போவில் பெட்ரோலுக்குத்தான் சூப்பர் என்று பெயர் வைப்பார்கள் என்று மனைவி புனிதவதியிடம் சொன்னான். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னான்.

கீழே ஐந்து பேரின் பெயரும் போட்டிருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. இவர்களுக்கெல்லாம் பெயர் இருப்பதே ஊருக்கு எழுபத்தெட்டாம் வருஷத்தில்தான் தெரிய வந்திருக்கிறது.

பதினோரு வருஷம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்ற ஆட்கள். கூப்பிட்ட ஸ்டூடியோவுக்கெல்லாம் போய், சொன்னதை வாசித்துக் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். அவனுடைய மூன்று இசைத்தட்டுகளுக்கும் அவர்கள்தான் வேலை செய்தார்கள். அட்டையில் அவன் படம் மட்டும்தான் வந்தது.

ட்ரம்ஸ் அடிக்கும் பத்துமலை, பத்து காஜா ஊரில் லாரி ஓட்டுகிறவன். பேஸ் கிட்டார் உடையப்பன் சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி வளர்ந்தவன். அவன் மூஞ்சிக்கு மேடையில் கடைசி மூலையே அதிகம். இதுகள் அமெரிக்காக்காரன் பாட்டை வாசித்துக் கிழிக்கப்போகிறதாம்.

ஜெயபாலன் இல்லாமல் இவர்கள் மண்ணைக் கவ்வ வேண்டும். அதைப் புனிதவதி பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேநீரோடு நடக்கும் டீ டான்ஸுக்கு முதல் வரிசை மேசையாகக் கேட்டு வாங்கியிருந்தான்.

புனிதவதி பள்ளிக்கூட டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் பெரிய கிளார்க். பெற்றவர்கள் பேச்சை உதறிவிட்டு அவள் இவனைக் கட்டிக்கொண்டதற்கு அந்த இசைத்தட்டுகள்தான் காரணம். கல்யாணமாகி எட்டு மாதம். வீட்டில் பாடச் சொன்னால் தொண்டையைக் காக்க வேண்டும் என்பான். பெரிய பாடகர்கள் அப்படித்தான் என்று அவளும் சக டீச்சர்களிடம் பெருமையடித்துக்கொள்வாள்.

நாலு மணிக்குத் திரை விலகியது. மேடை நடுவே யாருமில்லை.

யாரைப் பார்த்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழிக்கப்போகிறார்கள் என்று ஜெயபாலன் சாய்ந்து உட்கார்ந்தான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்துமலை தலையை அசைத்தான், அவ்வளவுதான்.

முதல் பாட்டு முடிவதற்குள் பாதி மேசைகள் காலி. சீனத் தம்பதிகள்கூட எழுந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வெறும் சத்தம் என்றான் ஜெயபாலன். குரல் இல்லாத பாட்டு குழம்பு ஊற்றாத சோறு என்றான். புனிதவதி தலையாட்டினாள். ஆனால் மேசைக்கடியில் அவள் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஓட்டல் மேனேஜர் அவனைக் கண்டுகொண்டார். பாடகர் ஜெயபாலன் நம்மோடு இருக்கிறார், ஒரு பாட்டுப் பாடுவார் என்று மேடையேறி அறிவித்தும் விட்டார். கூட்டம் கைதட்டியது. அவனுடைய முதல் இசைத்தட்டின் பெயரைச் சொல்லி யாரோ கேட்டார்கள்.

தொண்டை சரியில்லை என்று சைகை காட்டினான். கைதட்டல் கூடியது. ஒத்திகை பார்க்கவில்லை, சுருதி சரியாக இருக்காது, இந்தக் கூலிக்கு வாசிக்கிற கும்பலோடு பாடினால் தனக்குத்தான் மரியாதைக் குறைவு என்று மனைவியின் காதில் அடுக்கிக்கொண்டே போனான்.

"எழும்பிப் போங்கோ. ஒருக்கா எனக்காகப் பாடுங்கோ," என்றாள் புனிதவதி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மேடைக்கு மூன்றே படிகள். ஏறி முடிப்பதற்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மேனேஜர் நடுவில் ஒரு மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். உடையப்பன் கிட்டாரைக் கழற்றாமலே மெதுவாக வந்தான். மைக்கின் உயரத்தைச் சரிசெய்கிறவன்போலக் குனிந்து, அதன் சுவிட்சை அணைத்தான். பிறகு தன் பக்கத்திலிருந்த இன்னொரு மைக்கை ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்துக்கு நகர்த்தினான். அவன் முகத்தில் கோபமில்லை. சொன்ன வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனின் அலுப்புதான் இருந்தது.

"வாய மட்டும் அசைங்கண்ணே. எப்பவும் போலதான்லா."

பத்துமலை நாலு எண்ணினான்.

முதல் வரிசையில் புனிதவதி, அந்தக் குரலை நன்றாகக் கேட்பதற்காகக் கண்களை மூடிக்கொண்டாள்.