தலை குனியாதவன்

பெரியப்பா வீட்டுக்குள் வந்த பிறகும் மகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. இரும்புக் கம்பியை விழுங்கியவன் போல சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான்.

“துரை மன்னிப்புக் கேக்க வந்திருக்காரா, சினிமா பாக்க வந்திருக்காரா?” என்றார் அப்பாவின் அண்ணன்.

அண்ணன் முன்னால் அப்பா என்றைக்கும் அரை ஆள்தான். பெயின்ட் கடை போர்டில் இருவர் பெயரும் இருந்தாலும் சாவி அண்ணன் இடுப்பில்தான் இருக்கும்.

நேற்று அந்தக் கடையில், வாடிக்கையாளர்கள் நடுவே, தன்னைத் தூக்கி வளர்த்த பெரியப்பாவைப் பார்த்து, “யாருய்யா நீ? உனக்கு இங்க என்ன வேலை?” என்று கேட்டுவிட்டான் மகன். கேட்டதோடு பெயின்ட் டப்பாக்கள் மேல் வாந்தியும் எடுத்துவைத்தான்.

“தலையைக் குனிஞ்சு ஒரு வார்த்தை கேக்கட்டும், மறந்துடறேன். இல்லேன்னா நாளைக்கே கடையைப் பிரிச்சுக்கலாம்.” அண்ணன் சொன்னால் செய்கிறவர்.

குடித்திருக்கிறான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கோபத்தில் அப்பா அவன் அறைப்பக்கமே போகவில்லை. இங்கே வரும் வழியில் மட்டும் அவன் பக்கம் சாய்ந்து முகர்ந்து பார்த்தார். மருந்துக்குக்கூட வாடை இல்லை. அது ஆறுதலாக இல்லை. குடிக்காமலே அப்படிக் கேட்டான் என்றால், அது இன்னும் மோசம்.

“கால்ல விழ வேணாம்டா. தலையை மட்டும் குனி. எனக்காக.”

மகனின் தலை அசையவில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை அடிக்கவும் முடியாது, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது. அப்பா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பிறகு மகன் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு அவர் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்களேன்.”

“பெத்த அப்பனையே அண்ணேங்கிறான்! கொழுப்பைப் பாரு!” என்று அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து அண்ணன் மகள் உள்ளே வந்தாள்.

“வாங்க டாக்டரம்மா! உன் தம்பி திமிருக்கு உங்க ஆஸ்பத்திரில ஊசி ஏதாவது இருக்கா?”

அவள் முன்னாலுமா இந்த அவமானம்? அப்பா மகனின் பிடரியில் கை வைத்துக் குனியும்படி அழுத்தினார்.

கழுத்து மரக்கட்டை மாதிரி நின்றது. மகன் அலறினான். தலை தாழ்வதற்குப் பதில் அவன் முழங்கால்கள் இரண்டும் மடங்கி மேலே எழும்பின. அப்பாவின் உள்ளங்கை சுட்டது. நேற்றிலிருந்து இப்போதுதான் அவனைத் தொடுகிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

“சித்தப்பா, கையை எடுங்க!”

அவள் கைப்பையைப் போட்டுவிட்டு வந்து மண்டியிட்டாள். நெற்றியைத் தொட்டாள். கண்ணாடியை மெல்லக் கழற்றினாள். அவன் வெளிச்சம் தாங்காமல் முகத்தைச் சுளித்தான்.

“டேய், நான் யாருன்னு சொல்லு.”

அவன் சட்டைப் பையைத் தடவினான்.

“டிக்கெட் அப்பவே வாங்கிட்டேனே…”

யாரும் சிரிக்கவில்லை. அவள் அதற்குள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “எமர்ஜென்சியா? என் தம்பியைக் கூட்டிட்டு வரேன். காய்ச்சல், வாந்தி, ஆள் அடையாளம் தெரியல. மூளைக்காய்ச்சல்தான்னு நினைக்கிறேன். வந்ததும் மருந்து ஏத்தணும், எல்லாத்தையும் ரெடியா வைங்க… ஆமா, முதுகுத்தண்டுல நீர் எடுத்துப் பாக்கணும்… அப்பா, காரை எடுங்க!”

அண்ணன் சாவியைத் தேடி இடுப்பைத் தடவிக்கொண்டே நின்றார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

அப்பா நகரவில்லை. தாம் அழுத்திய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லம்மா… நான் சும்மா… தலையைக் குனின்னுதான்…”

அவள் தம்பியின் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள்.

“அவன் குனிய மாட்டேங்கல சித்தப்பா. குனிய முடியல.”