தத்தித் தத்திப் போகும் முள்

சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, அத்தானின் புதுக் கடிகாரத்தைக் கிடத்தியிருக்கிறார் வாட்ச் பைத்தியம். குடும்பத்தில் அவருக்கு அதுதான் பெயர். செயின் தொளதொளவென்று இருக்கிறதாம், ஒரு கண்ணியைக் கழற்ற வேண்டும். "பையன் முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்தான்," என்கிறார் அத்தான். அதைக் காதில் வாங்காமல் பைத்தியத்தின் வாய் தன்பாட்டுக்கு ஓடுகிறது. "சீகோ வாட்ச் உழைப்பாளி அத்தான். ஒமேகா படிச்ச ஆளு. இந்தக் கம்பெனிக்காரரு ராஜா." கண்ணில் லென்ஸை இடுக்கிக் குனிந்ததும் பழக்கதோஷம் முந்திக்கொள்கிறது. "அடடா, இது டூப்ளிகேட். அசல்னா நொடி முள் வழுக்கிட்டுப் போகும். இது தத்தித் தத்திப் போகுது பாருங்க." நிமிர்கிறார். எதிரே, ஜன்னல் வெளிச்சத்தில், அக்கா மகனின் காதுமடல்கள் சிவந்திருக்கின்றன. தண்ணீர்ச் செம்போடு வந்த அக்கா வாசலிலேயே நிற்கிறாள். "புது மாடல்ல இப்படியும் வருது போல," என்று மென்று விழுங்குகிறார். லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கத் தைரியமில்லை. அத்தான் வெறும் மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டுகிறார். "நல்லா இறுக்கமாவே வை மாப்ளே. இனிமே இதைக் கழட்டப்போறதில்ல." திருப்புளியின் நுனி கண்ணியில் பொருந்தாமல் நழுவிக்கொண்டே இருக்கிறது.