சாவி பார்த்த மலை

சீனாவின் ஹுவா மலையில், பிள்ளைகள் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று சங்கிலியில் பூட்டு மாட்டுவார்கள். சாவியைப் பள்ளத்தில் வீசிவிடுவார்கள்.

அன்று விடிவதற்குச் சற்று முன் ஒரு தாய் பூட்டைப் பூட்டியதுமே சின்னச் சாவி பூட்டிடம் கெஞ்சியது.

"அக்கா, என்னை விட்டுடாதே! விழுந்தா நொறுங்கிப் போயிடுவேன்."

"நான் என்னடி செய்வேன்? என்னையே கட்டிப் போட்டுட்டாங்களே!" என்று பூட்டு அழுதது.

தாய் கண்ணை மூடிக்கொண்டு வீசினாள்.

சுழன்று சுழன்று விழுந்த சாவியில் கட்டியிருந்த சிவப்பு நூல், பாறையிடுக்கில் முளைத்த பைன் மரத்தில் மாட்டிக்கொண்டது. சாவி மெல்லக் கண் திறந்தது. எதிரே, மேகக்கடலின் நடுவில், சிகரங்கள் தாமரை இதழ்களைப் போல் விரிந்து நின்றன.

"அடியே, உயிரோட இருக்கியா?" மேலிருந்து பூட்டு கதறியது.

"இருக்கேன்க்கா. கொஞ்சம் சத்தம் போடாம இரு, சூரியன் வருது."