உள்ளறை வரை

கூடத்துக் கணினியின் திரையில் துபாயில் உள்ள ஒரு கோயிலின் பீடம் தெரிகிறது. இன்னும் சற்று நேரத்தில் அங்கே விண்ணரசியின் அண்ணன் ரெஜினின் குழந்தைக்கு ஞானஸ்நானம். சன்னல் வழியே அறுப்பு மெஷினின் இரைச்சலும் வைக்கோல் தூசியும் வருகின்றன. இடுப்பெலும்பு முறிந்த அம்மா ரோஸ்லின் உள்ளறைக் கட்டிலில், கணினியிலிருந்து வரும் கோயில் பாட்டை மட்டும் கேட்டபடி படுத்திருக்கிறாள். அங்கே போனுக்கு டவர் எடுக்காது. புது வைஃபை ரூட்டரை மேசைமேல் வைத்துவிட்டு, விண்ணரசி கணினியின் பின்னால் கைவிட்டு இன்டர்நெட் வயரைத் தேடுகிறாள். "ஓடுறதப் போயி பிடுங்காத பாப்பா. நாளைக்கு ஆளு வந்து மாட்டுவாரு," என்கிறார் அப்பா மதலைமுத்து, நாற்காலியை விட்டு எழாமல். திரையைக் காட்டி, "எனக்கு நல்லாத் தெரியுதே," என்கிறார். "அம்மாவுக்குத் தெரியலையேப்பா." வயரை உருவுகிறாள். பாட்டு பாதியில் நிற்கிறது. "போச்சு, எல்லாம் போச்சு!" அப்பா தலையில் கை வைக்கிறார். உருவிய வயரை ரூட்டரின் நீலத் துளையில் அழுத்துகிறாள். புதிதாக வந்த குட்டை வயரால் ரூட்டரையும் கணினியையும் இணைக்கிறாள். சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு, போனில் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக அடிக்கிறாள். சிவப்பு அணைந்து பச்சை எரிகிறது. கணினி மறுபடி பாடுகிறது. அவள் நின்று பார்க்கவில்லை. போனை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு உள்ளறைக்குப் போய் அம்மாவின் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். திரையில் சாமியார் குழந்தையின் தலைமேல் தண்ணீர் வார்க்கக் குனிகிறார். அம்மா அவசர அவசரமாக, நைட்டிமேல் கிடந்த துண்டை இழுத்து, கோயிலுக்குள் நுழைபவள் போல முக்காடு போட்டுக்கொள்கிறாள்.